பின்வரிசை மரங்கள்

அறுபது வயதில் ஒருவன் போன்சாய் வளர்க்க ஆரம்பிப்பது, அந்த வயதில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போவது மாதிரி. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரியும்.

நான் ஆரம்பித்தது 2018-ல், ஓய்வு பெற்ற மறு மாதம். ஹைதராபாத்தில் மூன்றாவது மாடி. கிழக்கு பார்த்த, எட்டடி நீள பால்கனி. அந்த வருஷம் ஒரு மலர்க் கண்காட்சியில் முழங்கை உயரத்துக்கு ஓர் ஆலமரம் பார்த்தேன். நிஜ ஆலமரம். விழுதுகூட இருந்தது. விலை 22,000 ரூபாய். வயசு என்ன என்று கேட்டேன். முப்பது என்றார் விற்றவர். பென்ஷன்காரனின் மூளை உடனே வகுத்துப் பார்த்தது. வருஷத்துக்கு 733 ரூபாய். தினமும் தண்ணீர் ஊற்றிய கூலிக்குக்கூடக் காணாது. விலையில் தப்பில்லை. என்னிடம் 22,000 ரூபாய் இல்லை என்பதுதான் பிரச்னை. முப்பது வருஷம் இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய பிரச்னை.

போன்சாயில் காசு கொடுத்து வாங்குவது செடியை அல்ல, அதன் அடிமரத்தின் பருமனை. பருமன் என்பது காலம். சின்னத் தட்டில் வைத்த செடி கிளை விடும், இலை விடும், பூக்கக்கூடச் செய்யும். அடிமரம் மட்டும் பருக்காது. வேர் ஓட இடமில்லாத செடிக்கு உடம்பு வைக்காது. அதே செடியை நிலத்தில் நட்டால், நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் நாலைந்து வருஷத்தில் மணிக்கட்டுப் பருமனுக்கு வந்துவிடும். என்னிடம் நிலம் இல்லை. பால்கனிதான் இருக்கிறது. ஆகவே வேறு யாராவது தம் நிலத்தில் கழித்துவிட்ட வருஷங்களை மலிவாக வாங்க வேண்டும். அவை எங்கே கிடைக்கும் என்பதுதான் ஆறு வருஷமாக என் ஆராய்ச்சி.

முதல் பாடத்துக்குக் கட்டணம் 900 ரூபாய். பச்சைத் தட்டில், கூழாங்கல் பரப்பி, பக்கத்தில் ஒரு பீங்கான் சாமியாரையும் உட்கார வைத்து விற்ற குட்டி ஜூனிப்பர். படத்தில் வரும் ஜப்பான் மரம் மாதிரியே இருந்தது. ஏப்ரலில் வாங்கினேன். ஹைதராபாத் மே மாதம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஜூனிப்பர் வகையில் ஒரு வஞ்சகம் உண்டு: செத்த பிறகும் பல வாரங்களுக்குப் பச்சையாகவே இருக்கும். நான் ஒரு பிணத்துக்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கடைசியில் என் மனைவிதான் கிளையை ஒடித்து, சுக்கு மாதிரி உடைவதைக் காட்டினாள். "செடியைக் கொல்றதுக்குக் காசு வேற குடுக்கணுமா?" என்றாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் கிடைத்தது கடியத்தில்.

ராஜமுந்திரியிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடியம், கடியபுலங்கா, புர்ரிலங்கா என்று வரிசையாகக் கிராமங்கள். கோதாவரி கால்வாய்த் தண்ணீர், வண்டல் மண். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நர்சரிகள்தாம். நாட்டின் பல மூலைகளுக்கும் இங்கிருந்து லாரி லாரியாகச் செடி போகிறது. புதுசாகக் கட்டிய அபார்ட்மென்ட் வாசலில் ஒரே இரவில் முளைக்கும் பனையும் வேலிச்செடியும் பெரும்பாலும் இந்த மாதிரி ஊர்களிலிருந்து வந்தவை. 2019 ஜூனில் இரவு ரயில் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன்.

வெளியூர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் முதலில் செய்தேன். முன்வரிசையைப் பார்த்தேன். சாலையோரம் இருப்பவை ஒரே உயரம், ஒரே பச்சை, நேராக நிமிர்ந்த சிப்பாய்கள். நர்சரியில் விலை உயரத்துக்கு. மூன்றடி ஒரு விலை, ஐந்தடி ஒரு விலை. நேராக வளர்ந்தால் சந்தோஷம், வளைந்தால் கழிவு. நமக்கு வேண்டியது இதற்கு நேர் தலைகீழ். உயரத்தை எப்படியும் வெட்டி எறியப்போகிறோம். வெட்டி எறிவதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நர்சரிக்காரர் ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு. அவருக்கு அரைகுறை ஹிந்தி, எனக்கு அரைகுறைத் தெலுங்கு. பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டேன். "அங்கே ஏமி லேது சார்" என்றார். அங்கே ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொன்னால், நம் வேலை அங்கேதான்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், புல்லுக்கு நடுவில் முப்பது நாற்பது பைகள். ஏதோ ஒரு ஆர்டர் ரத்தாகி, லாரி ஏறாமல் தங்கிவிட்ட ஃபைக்கஸ் செடிகள். எத்தனை வருஷமாக என்று அவருக்கே நிச்சயமில்லை. "பத்து, பன்னிரண்டு இருக்கும்" என்றார். பாலிதீன் பை எப்போதோ வெயிலில் நைந்து கிழிந்திருந்தது. அடியிலிருந்து வேர் வெளியேறி நிலத்துக்குள் போய்விட்டது. ஆனால் பைக்குள் இருந்த செடியாகவே கணக்கில் இருந்தது. நிலத்தின் சாப்பாடு, பையின் விலை. இதுதான் நான் தேடிய சமாசாரம்.

ஒன்றின் அடிமரம் என் முன்னங்கையைவிடப் பருமன். யாரோ ஒரு முறை தலையை வெட்டியிருக்கிறார்கள்; ஆடு கடித்ததோ என்னவோ. ஒன்றரை அடியில் கிளை பிரிந்து, வளைந்து, மறுபடி நிமிர்ந்திருந்தது. "அதி பாகலேது சார்" என்று கையை ஆட்டினார். நல்லதில்லையாம். வாசலில் நல்லதாக ஒன்று காட்டுகிறேன் என்றார். எனக்கு அதுதான் வேண்டும் என்றதும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். 200 ரூபாய். வேரைச் சுற்றி வெட்டி எடுக்க ஆளுக்கு 100. பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. வருஷத்துக்கு எவ்வளவு என்று இந்த முறை வகுத்துப் பார்க்கவும் இல்லை.

அன்றிலிருந்து எந்த நர்சரிக்குப் போனாலும் என் கண் மேலே போவதில்லை. முதலில் குனிகிறேன். ஆள்காட்டி விரலை அடிமரத்தை ஒட்டி மண்ணுக்குள் விடுகிறேன். நர்சரிகளில் பை மாற்றும்போதெல்லாம் மேலே மண் போடுவார்கள்; நிஜமான அடி இரண்டு அங்குலம் கீழே புதைந்து கிடக்கும். அங்கே வேர் நாலா பக்கமும் விரிந்திருக்கிறதா என்று விரலாலேயே சுற்றிப் பார்க்க வேண்டும். ஜப்பான்காரர்கள் இந்த வேர்விரிப்பை நெபாரி என்கிறார்கள். கிளையைக் கம்பி கட்டித் திருத்தலாம், இலையைச் சிறிதாக்கலாம், உச்சியைப் புதுசாகவே உண்டாக்கலாம். அடி சரியில்லை என்றால் மாற்ற வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களைத்தானே மலிவாக வாங்க வந்தோம்.

மண்ணுக்குள் விரல் வேறு செய்திகளும் சொல்லும். ஒரே ஒரு வேர் கயிறு மாதிரி அடியைச் சுற்றி இறுக்கியிருந்தால், சின்னப் பையில் இருந்தபோதே சுருண்டுவிட்டது என்று அர்த்தம், தள்ளிப் போங்கள். வேரில் முடிச்சு முடிச்சாகக் கொப்புளம் இருந்தால் நூற்புழு. அந்தச் செடியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், பால்கனியில் இருக்கும் மற்றவற்றுக்கும் பரவும். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, சமாளிக்கலாம். அடிமரத்தில் மரத்தூள் உதிர்ந்த துளை தெரிந்தால் உள்ளே ஒரு குடித்தனம் நடக்கிறது. இலை உதிர்ந்து நிற்கும் செடி செத்ததா தூங்குகிறதா என்று பார்க்கப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. உயிர் இருந்து இலை இல்லாத செடிதான் நர்சரியிலேயே மலிவான செடி. ஏனென்றால் மற்றவர்களுக்கு அது குச்சி.

ஒட்டுச் செடியிலும் ஒரு கண் இருக்கட்டும். மா, எலுமிச்சை போன்றவற்றில் ஒட்டுப் போட்ட இடம் கழலை மாதிரி வீங்கியிருக்கும். தோட்டத்தில் அது யார் கண்ணிலும் படாது. ஒன்றரை அடி மரத்தில் முகத்தின் நடுவில் மரு. கிழங்கு மாதிரி பருத்த வேர்மேல் பச்சைக் குடுமி வைத்து 'ஜின்செங்' என்று விற்கிறார்களே, அதுவும் ஒட்டுதான். கீழே ஒரு வகை, மேலே வேறு வகை. பாம்பு மாதிரி S வடிவில் வளைத்த ஃபைக்கஸ் சீனாவில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் தயாராகிறது. இரண்டும் சாகாது, அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றிலிருந்து ஒரு மரத்தின் சாயலைக் கொண்டுவருவது, வெட்டிய கேக்கிலிருந்து மாவு எடுப்பது மாதிரி.

எந்த ஊரில் எதைத் தேடுவது என்பது ஊரைப் பொறுத்தது. நம் சமவெளிகளில் ஆல், அரசு, ஃபைக்கஸ் குடும்பம் முழுக்க, காகிதப்பூ, புளி, கொடுக்காப்புளி, சவுக்கு. இவை எல்லாம் நம் வெயிலைப் பார்த்துப் பயப்படாதவை. பெங்களூர்க்காரர்கள் ஜூனிப்பர் வைத்துப் பிழைக்க வைக்கிறார்கள் என்பதை நான் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன். அங்கே லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும். கடைசி நாள் சாயங்காலம் போக வேண்டும். மிச்சச் செடியைத் திரும்ப வண்டியில் ஏற்றும் கூலியை நினைத்துக்கொண்டு நிற்கும் வியாபாரியைவிட நியாயமான மனிதர் உலகத்தில் இல்லை.

கல்கத்தாவில் மகள் வீடு. பாக்பஜார் பக்கம் காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை சந்தை. மீன், பறவை, செடி எல்லாம் ஒரே கூச்சலில். அங்கே காமினி என்று கேளுங்கள். நம் கறிவேப்பிலைக்கு உறவு. வாசனையான வெள்ளைப் பூ, சின்ன இலை, வெளிறிய வழுவழு அடிமரம். வங்காளிகள் வேலிக்கு வைப்பது. ஷேவ்ரா என்று இன்னொன்று, நம் பிராய் மரம். அதில் பேய் குடியிருக்கும் என்று வங்காளத்தில் நம்பிக்கை, அதனால் வீட்டருகே விரும்பமாட்டார்கள். போன்சாய்க்கு முதல் தரம். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். பேய் பயத்தால் விலை இறங்கும் மரம் வேறு எங்கே கிடைக்கும்? இதே வரிசையில் வாஸ்து பயத்தையும் சேர்க்கலாம். குள்ள மரம் வீட்டில் வளர்ச்சியைத் தடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, இருபது வருஷம் வளர்த்ததை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு பாட்டி கொடுத்த ஜேட் செடி என் பால்கனியில் இருக்கிறது. கொடுத்துவிட்டு வாரம் ஒரு முறை வந்து அதைப் பார்த்துவிட்டும் போகிறார்.

காசே இல்லாத வழியும் உண்டு. பழைய பங்களாவை இடிக்கும்போது வேலிச்செடியைப் பிடுங்கி எறிவார்கள். காகிதப்பூவின் அடிக்கட்டை கைப் பருமன் இருந்தாலும் மழைக்காலத்தில் நட்டால் பல சமயம் வேர்விடும். மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். சுவரில் முளைத்த அரசையும் ஆலையும் அப்படியே எடுக்கலாம், சுவருக்குச் சொந்தக்காரர் நமக்கு நன்றிதான் சொல்வார். காட்டிலிருந்து மட்டும் வேண்டாம். காப்புக் காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். தவிர, பாறை இடுக்கில் வளர்ந்த கிழ மரத்தின் வேர் எங்கே போகிறது என்று அதற்குத்தான் தெரியும். பிடுங்கியவற்றில் பெரும்பாலானவை சாகின்றன.

மலிவாக வாங்கியதை மலிவாகவே சாகடிப்பதும் சுலபம். கடியத்திலிருந்து இன்னொரு முறை 150 ரூபாய்க்கு ஓர் அற்புதமான காகிதப்பூ கொண்டுவந்தேன். முறுக்கிய அடிமரம், உள்ளே பொந்து. வந்த உற்சாகத்தில் அன்று மாலையே பையைக் கிழித்து, களிமண்ணை உதறினேன். காகிதப்பூவின் வேர் அப்பளம் மாதிரி. மண்ணோடு வேரும் உதிர்ந்து, கையில் கட்டை மட்டும் நின்றது. மாதமோ டிசம்பர். பொங்கலுக்குள் காய்ந்துவிட்டது. அந்த மரத்துக்கு என்ன வயசு என்று நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே இப்போது ஒழுங்காகச் செய்கிறேன். வாங்குவது ஏப்ரல், மே. நர்சரியில் வியாபாரம் மந்தம், தண்ணீர்ச் செலவு அதிகம், செடி பாதி வாடியிருக்கும், பேச்சு நம் பக்கம் இருக்கும். வாங்கிய செடியைப் பையோடு நிழலில் வைத்துவிடுவேன். கத்தி வைப்பது முதல் மழை விழுந்த பிறகு. டெல்லியில் இருப்பவர்கள் குளிர் போன பிப்ரவரி, மார்ச்சிலும் செய்யலாம். ஒரே நாளில் மேலேயும் வெட்டி, கீழேயும் வெட்டுவதை ஃபைக்கஸ் பொறுத்துக்கொள்ளும், காகிதப்பூ பொறுக்காது. ஃபைக்கஸை வெட்டினால் பால் கொட்டும். ஈரத்துணியால் ஒற்றினால் நிற்கும். கையில் பட்டால் அரிக்கும் என்பதால் பழைய உறை ஒன்று மாட்டிக்கொள்கிறேன். நர்சரிக் களிமண் ஒரு முறை காய்ந்தால் செங்கல். மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும், நடு உருண்டை வறண்டே கிடக்கும். அதை இரண்டு மூன்று வருஷத்தில் பாதி பாதியாக எடுக்க வேண்டும். பதிலுக்கு நான் போடுவது உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி, பருமணல், மக்கிய இலை. ஜல்லி கட்டட வேலை நடக்கும் இடத்தில் சும்மா கிடைக்கும்.

தட்டு வாங்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். குர்ஜாவிலிருந்து வரும் நீல பீங்கான் தட்டைப் பார்த்தால் எனக்கும் கை ஊறும். ஆனால் 200 ரூபாய் மரத்துக்கு 1,500 ரூபாய் தட்டு வாங்கி அதில் உட்கார்த்திவிட்டால், வெட்டுக் காயம் மூடாது, புதுக் கிளை பருக்காது. அந்த நிலையிலேயே நின்றுவிடும். என் ஃபைக்கஸ் ஒரு வருஷம் பழைய துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் இருந்தது. அடியில் பத்து துளை போட்டேன். அப்புறம் 2020 வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில் அது மட்டும் எங்கும் போக வேண்டிய அவசியமில்லாமல் ஒரே ஓட்டமாக வளர்ந்தது. புது உச்சி விரல் பருமனுக்கு வந்தது அப்போதுதான். தட்டுக்கு மாறியது 2023-ல். இப்போது இரண்டடி உயரம். வெட்டுக் காயம் முக்கால்வாசி மூடிவிட்டது. வீட்டுக்கு வந்த ஒருவர் வயசு என்ன என்று கேட்டார். பதினேழு இருக்கும் என்றேன். அதில் என்னுடையது ஐந்துதான் என்பதையும் சொன்னேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தண்ணி ஊத்தறது நான்" என்றாள். அதுவும் உண்மை.

மிச்சப் பன்னிரண்டு வருஷம் யாருடையது என்பது என்னை அவ்வப்போது உறுத்தாமல் இல்லை. அதனால்தான் போன வருஷம் ஜூனில் மறுபடி கடியம் போனபோது செல்போனில் மரத்தின் படத்தைக் காட்டினேன். நர்சரிக்காரர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அடிமரத்து வளைவை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். என்ன விலை போகும் என்று மகன் கேட்டான். நான் பொய் சொல்லவில்லை.

இந்த வருஷம் போனேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் புல் வெட்டியிருக்கிறது. மிச்சமிருந்த ஃபைக்கஸ்களைச் சுற்றிக் கயிறு கட்டி, 'போன்சாய் மெட்டீரியல்' என்று இங்கிலீஷில் போர்டு. ஒன்று 3,500 ரூபாய். பேசிப் பார்த்தேன். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்று தெலுங்கில் சிரித்தார். சரி என்று கிணற்றோரம் கழித்துக் கட்டியிருந்த புளியங்கன்றுகள் பக்கம் நகர்ந்து, வழக்கம்போல் குனிந்தேன். மகன் என்னோடேயே வந்தான். என் விரல் எந்தப் பைக்குள் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே.